டொர்னேடோ அடிச்ச ஊர்ல நம்பிக்கை எங்க உதவும், எங்க குத்தும்?

உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். தலைப்புல நீங்க கேட்டிருக்கிறது, டொர்னேடோ (தரையைத் தொட்டு சுத்திக்கிட்டே போற சுழல்காத்து) அடிச்ச ஊர் மீண்டு வர்றதுக்கு நம்பிக்கையும் பிரார்த்தனையும் உண்மையிலேயே உதவுதான்னு. ஆனா விஷயம் கீழ நாலாவது வரியிலதான் இருக்கு. உங்க பிரேயர் குரூப்ல 12 பேர் போய் ரெண்டு நாள் மரம் வெட்டி இடிபாடு அள்ளிட்டு வந்திருக்கீங்க, கிளம்புறப்போ ஒரு பெரியவர்கிட்ட "கடவுள் உங்களைக் காப்பாத்திட்டார், எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்"னு சொல்லியிருக்கீங்க, அவர் பக்கத்து மனையைக் காட்டி "அப்போ அந்தம்மாவை ஏன் விட்டுட்டார்"னு கேட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார், அன்னிக்கிலிருந்து உங்களுக்குத் தூக்கம் வரல. அதனால நீங்க கேக்கிறது நான் தப்பு பண்ணிட்டேனா, திரும்ப அந்த ஊருக்குப் போகலாமா, போனா என்ன பேசுறது, என்ன கொண்டு போறது, இதுதான்னு எடுத்துக்கிட்டு பதில் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நான் பாதிரியார் இல்ல, இறையியல் படிச்சவனும் இல்ல. சோஷியல் ஒர்க் படிச்சுட்டு, அமெரிக்காவோட மத்திய, தெற்கு மாநிலங்கள்ல டொர்னேடோவுக்கு அப்புறம் குடும்பங்களோட கேஸ் (கோர்ட் வழக்கு இல்ல, எந்தக் குடும்பத்துக்கு என்ன உதவி குறையுதுன்னு பார்த்து ஏற்பாடு பண்றது) எடுத்து நடத்துற வேலையில 15 வருஷத்துக்கு மேல இருக்கேன். அதாவது டிவி கேமரா எல்லாம் போன பிறகு வர்ற ஆள். கடவுள் நம்பிக்கை எனக்கு உண்டு, ஆனா அதோட அடிக்கடி சண்டை போடுற ரகம். நீங்க சொன்ன அதே வாக்கியத்தை என் முதல் வருஷத்துல நானும் ஒரு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அவங்க கோபப்படல, தேங்க்ஸ்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் என் போனை எடுக்கவே இல்ல. அவங்க ஃபைல் அப்படியே பாதியில மூடிப் போச்சு, அவங்களுக்குக் கிடைக்க வேண்டிய கூரைப் பணமும் அதோட போச்சு. அதனால வாய் தவறினதுக்கு விலை உண்டுன்னு எனக்குத் தெரியும். உங்க பெரியவர் முகத்துக்கு நேரா கேட்டுட்டாரே, அது பரவாயில்லைன்னுதான் சொல்வேன், அவர் உங்களோட பேசிட்டுத்தான் இருக்கார்.

டொர்னேடோ மத்த பேரழிவு மாதிரி இல்லைங்கிறதை முதல்ல பிடிச்சுக்கணும். வெள்ளம் வந்தா தாழ்வான தெரு மொத்தமும் மூழ்கும், நிலநடுக்கம்னா ஊரே ஆடும், எல்லாரும் ஒரே படகுல இருக்கோம்னு ஒரு ஆறுதலாவது இருக்கும். டொர்னேடோ ஒரு கோடு கிழிச்சுட்டுப் போற மாதிரி போகும், அகலம் சில நூறு மீட்டர்தான் இருக்கும், பெருசா இருந்தா ஒண்ணரை கிலோமீட்டர் வரைக்கும் அதுக்கு மேலயும் போகும். கோட்டுக்கு இந்தப் பக்கம் துணி கொடியில காயும், அந்தப் பக்கம் தரைத்தளம் மட்டும் மிச்சம் இருக்கும். கோட்டுக்கு உள்ளயே கூட ஒரு வீடு நிக்கும், ஒட்டின வீடு இருக்காது. இதுக்குக் காரணம் இருக்கு. பெரிய டொர்னேடோவுக்குள்ள சின்னச் சின்ன சுழல்கள் தனியா சுத்திக்கிட்டு இருக்கும்னு டெட் ஃபுஜிட்டாங்கிற டொர்னேடோ ஆராய்ச்சியாளர் சேதத்தை விமானத்திலிருந்து படம் பிடிச்சு ஆராய்ஞ்சு சொன்னார். அந்தச் சின்ன சுழல் தொட்ட இடம் ஒரு கதி, தொடாத இடம் வேற கதி. அதுபோக வீட்டு மரச்சட்டத்தை அஸ்திவாரத்தோட போல்ட் போட்டு இறுக்கியிருக்கா, வெறும் ஆணிதானா, கராஜ் கதவு தாங்கிச்சா, இல்ல அது முதல்ல உடைஞ்சு காத்து உள்ள புகுந்து கூரையைத் தூக்கிச்சா, இந்த மாதிரி விஷயங்கள். இதெல்லாம் நல்லா ஆராய்ச்சி பண்ணி உறுதியான சங்கதி.

இப்போ இதை உங்க வாக்கியத்தோட சேர்த்துப் பாருங்க. இப்படி ஆளைப் பொறுக்கி எடுத்த மாதிரி அடிக்கிற ஒரு விஷயத்துல, தப்பிச்சவருக்கு நீங்க ஒரு காரணம் சொன்னா, அதே மூச்சுல செத்தவருக்கும் ஒரு காரணம் சொல்லிட்டீங்கன்னு ஆகுது. உங்களுக்கு அது தோணியிருக்காது. அவருக்கு உடனே தோணிச்சு, ஏன்னா அந்தம்மா அவருக்கு 20 வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசினவங்களா இருக்கலாம்.

ஜாப்ளின்னு மிசௌரி மாநிலத்துல ஒரு ஊர். 2011 மே 22, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் வாக்குல ஒரு EF5 ("இ எஃப் 5"னு சொல்வாங்க, அளவுகோல்ல உச்சபட்சம்) அடிச்சு 160 பேர் பக்கம் இறந்துட்டாங்க. அங்க செயின்ட் மேரிஸ் கத்தோலிக்க சர்ச் சுத்தமா போச்சு, ஆனா அதோட உயரமான இரும்புச் சிலுவை மட்டும் நின்னுச்சு. அந்தப் போட்டோ உலகம் பூரா சுத்துச்சு, நிறைய பேருக்கு அது பெரிய ஆறுதல். அதே ஊர்ல, அதே சாயங்காலம், வேற சர்ச்சுகளுக்குள்ள இருந்தவங்க செத்திருக்காங்க. சிலுவை நின்னதுக்கு இன்ஜினியர் சொல்ற காரணம் எளிமை, ஒல்லியான இரும்புக்குக் காத்து பிடிக்கிற பரப்பு கம்மி. ஆனா அந்த ஊர்க்காரங்க ஒருத்தர் அந்தச் சிலுவையைப் பார்த்து அழுதா, நான் பக்கத்துல நின்னு காத்துப் பரப்பு பத்திப் பேச மாட்டேன். என் வேலை அனுபவத்துல இதுவரைக்கும் உருப்படியா கத்துக்கிட்டது இதுதான்: ஒரே வாக்கியம், பாதிக்கப்பட்டவர் வாயில வந்தா பலம், வெளியிலேர்ந்து வந்தவர் வாயில வந்தா அடி. "கடவுள் என்னைக் காப்பாத்தினார்"னு அவர் சொன்னா தலையாட்டுங்க. அவர் சொல்லாதப்போ நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க.

நான் சொந்தமா கண்டுபிடிச்சது இல்ல இது. மத நூல்கள்லயே இருக்கு, நாமதான் கவனிக்கிறதில்ல. பைபிள்ல யோபு கதையை எடுத்துக்கோங்க, ஆரம்பத்துலயே பெருங்காத்து வந்து வீட்டோட நாலு மூலையையும் அடிச்சு அவரோட பிள்ளைங்க எல்லாரும் செத்துப் போறாங்க. நண்பர்கள் வர்றாங்க. ஏழு நாள் ராத்திரி பகலா தரையில அவரோட உக்காந்து ஒரு வார்த்தை பேசாம இருக்காங்க. அது வரைக்கும் அவங்க நல்ல நண்பர்கள். அப்புறம் வாயைத் திறந்து நீ ஏதோ பண்ணியிருப்பேன்னு காரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க, கடைசியில கடவுள் கோபப்படுறது யோபு மேல இல்ல, அந்த நண்பர்கள் மேல. லூக்கா 13ல சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பத்திப் பேச்சு வருது, அவங்க மத்தவங்களை விடப் பெரிய பாவிங்களான்னு கேட்டுட்டு இயேசுவே இல்லைங்கிறார். குர்ஆன்ல "நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புவோம்"னு வர்ற இடத்தைப் பாருங்க, சோதனை வந்தவங்க தாங்களே சொல்ற வாக்கியமா அது வருது. கர்மான்னு ஒரே வார்த்தையில முடிக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், பௌத்தத்துல சம்யுத்த நிகாயத்துல மோளிய சீவகன்னு ஒருத்தர், நாம படுற எல்லாமே பழைய வினைதானான்னு கேக்கிறார், புத்தர் இல்லைன்னு சொல்லி எட்டு காரணம் அடுக்குறார், பருவநிலை மாத்தமும் அதுல ஒண்ணு, பழைய வினை எட்டுல ஒண்ணுதான். இதை வச்சு நான் எல்லா மதமும் ஒண்ணேதான்னு சொல்ல வரல, அது வேற சண்டை. வெளியாள் விளக்கம் சொல்றதைப் பத்தி மட்டும், இத்தனை மரபுகள் எச்சரிக்கையா இருக்குன்னு சொல்றேன்.

சரி, நம்பிக்கை உதவுதாங்கிற பெரிய கேள்விக்கு வரேன். இதுல உறுதியா தெரிஞ்சது, அரைகுறையா தெரிஞ்சது ரெண்டும் இருக்கு, பிரிச்சுத்தான் சொல்லணும். தூரத்துல இருந்து ஒருத்தருக்காக ஜெபம் பண்ணா உடம்பு தேறுமான்னு பார்த்த ஆராய்ச்சிகள்ல பெருசு 2006ல வந்துச்சு, இதய பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 1,800 பேர் பக்கம், வித்தியாசம் ஒண்ணும் தெரியல, தனக்காக ஜெபம் நடக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடவே வந்துச்சு. அது ஆஸ்பத்திரி, டொர்னேடோ இல்ல, ஆனாலும் ஜெபத்தைக் கருவி வச்சு அளக்கலாம்னு நினைக்கிறவங்க இதை மறைக்கக் கூடாது. இன்னொரு பக்கம், ஒருத்தர் தன்னோட சொந்த நம்பிக்கையை வச்சு கஷ்டத்தைத் தாங்குறது எப்படிங்கிறதுல கென்னத் பார்கமென்ட்ங்கிற உளவியலாளர் ரொம்ப வருஷம் வேலை பார்த்திருக்கார். அவர் சொல்றது, நம்பிக்கைன்னு ஒரே டப்பால போடாதே, ரெண்டு வகை இருக்குன்னு. கடவுள் என்கூட இருக்கார், என் சபை என்கூட இருக்குங்கிற வகை மனசு தேறுறதோட சேர்ந்து வருது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுட்டார்ங்கிற வகை நேர் எதிர். 2001ல வயசான நோயாளிகளை வச்சு அவர் குழு செஞ்ச ஆராய்ச்சியில, இந்த ரெண்டாவது வகைப் போராட்டம் இருந்தவங்க அடுத்த ரெண்டு வருஷத்துல இறந்துபோற வாய்ப்பே கூட இருந்துச்சு. இதெல்லாம் சேர்ந்து வருதுங்கிற கணக்கு, இதனாலதான் அது ஆச்சுங்கிற நிரூபணம் இல்ல, அதை ஞாபகம் வச்சுக்கோங்க. ஆனா நம்ம வேலைக்கு இது போதும். ஒருத்தர் முதல் வகையில நிக்கிறாரா ரெண்டாவதுல நிக்கிறாரான்னு தெரியாம நாம ஒரு காரணத்தை எறிஞ்சா, ரெண்டாவது பக்கமா தள்ளி விட்டுடலாம்.

சந்தேகத்துக்குரிய இன்னொரு விஷயம், பக்திமான்கள் எச்சரிக்கை வந்தாலும் ஓடி ஒளிய மாட்டாங்க, விதின்னு உக்காந்துடுவாங்கங்கிற பேச்சு. இது 1972ல ஒரு பிரபல அறிவியல் பத்திரிகையில வந்த கட்டுரையால பரவிச்சு, இல்லினாய்ஸ்காரங்களையும் அலபாமாக்காரங்களையும் ஒப்பிட்டு, தெற்கத்திக்காரங்க கடவுள் மேல பாரத்தைப் போட்டுடறாங்க, அதனாலதான் அங்க சாவு கூடன்னு சொன்னாங்க. ஆள் எண்ணிக்கை ரொம்பக் கம்மி. தெற்குல ராத்திரில வர்ற டொர்னேடோ ஜாஸ்தி, மரமும் மேடும் மறைச்சுக் கண்ணுக்குத் தெரியாது, தரையோட சரியா கட்டாத மொபைல் ஹோம்கள் (தொழிற்சாலையில செஞ்சு கொண்டு வந்து வைக்கிற வீடுகள்) ஜாஸ்தி, இதெல்லாம் இருக்கிறப்போ பழியைத் தூக்கி பக்தி மேல போடுறது எனக்கு ஒப்பல. நான் பார்த்த பக்திமான்கள் ஜெபம் பண்ணிக்கிட்டே பேஸ்மென்ட்டுக்கு இறங்கினவங்க.

இதுக்கு அலபாமாலயே ஒரு உதாரணம் இருக்கு. 1994 மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு, பீட்மாண்ட் பக்கத்துல கோஷன் மெதடிஸ்ட் சர்ச், ஆராதனை நடந்துக்கிட்டு இருக்கிறப்போ டொர்னேடோ அடிச்சு 20 பேர் இறந்தாங்க, போதகரோட நாலு வயசு மகளும் அதுல ஒருத்தி. எச்சரிக்கை கொடுத்து பத்து நிமிஷத்துக்கு மேல ஆகியிருந்துச்சு, உள்ள இருந்தவங்களுக்கு அது போய்ச் சேரல. அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அந்த ஜனங்க விடியக்காலை இடிஞ்ச சர்ச் பக்கத்துலயே கூடி ஆராதனை பண்ணாங்க. அதைப் பத்தி நிறைய பேர் எழுதியிருக்காங்க, எழுத வேண்டியதுதான். ஆனா கம்மியா பேசப்படுற பாதி என்னன்னா, அந்தச் சாவுகளுக்கு அப்புறம் துணை ஜனாதிபதி அல் கோர் வரைக்கும் பேசி, வானிலை எச்சரிக்கை ரேடியோ எட்டாத பகுதிகளுக்கு அதைக் கொண்டு போறதுக்கு வேகம் பிறந்துச்சு. இரக்கம்னா எனக்கு இந்த ரெண்டும் சேர்ந்துதான் ஞாபகம் வருது, ஈஸ்டர் பாட்டும், ரேடியோ டவரும்.

இப்போ நேரடியா கை வேலைக்கு வருவோம், ஏன்னா நம்பிக்கை உதவுதாங்கிறதுக்கு என்கிட்ட இருக்கிற பலமான பதில் இங்கதான். அமெரிக்காவுல அரசாங்கம் கொடுக்கிற உதவி போனதை எல்லாம் திருப்பிக் கொடுக்கிறதுக்கு இல்ல, வீட்டைப் பூட்டுப் போட்டுப் பத்திரமா இருக்கிற நிலைக்குக் கொண்டு வர்றதுக்குத்தான். இன்சூரன்ஸ், அரசு கடன், அரசு உதவி மூணும் முடிஞ்ச பிறகும் ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்புறது பெரும்பாலும் மத அமைப்புகள்தான், இதை மறுக்கிறவங்க களத்துல நின்னதில்லன்னு அர்த்தம். மெனோனைட் டிசாஸ்டர் சர்வீஸ் (மெனோனைட், பாப்டிஸ்ட், அட்வென்டிஸ்ட், மெதடிஸ்ட் எல்லாம் கிறிஸ்தவப் பிரிவுகள்) 1950ல கான்சாஸ்ல ஆரம்பிச்சது, வீடு கட்டிக் கொடுப்பாங்க, பேச்சு ரொம்பக் கம்மி. சதர்ன் பாப்டிஸ்ட்காரங்க விழுந்த மரத்தை அறுக்குற செயின்சா டீமும் ஆயிரக்கணக்குல சமைக்கிற கிச்சனும் வச்சிருக்காங்க. அட்வென்டிஸ்ட்காரங்க நன்கொடைச் சாமான் கிடங்கு நடத்துறதுல கெட்டிக்காரங்க, மெதடிஸ்ட்காரங்க கேஸ் மேனேஜ்மென்ட்ல. முஸ்லிம், யூத, பௌத்த அமைப்புகளும் இதே மேசையில உக்காந்திருக்காங்க. மேசைன்னு சும்மா சொல்லல, நிஜமாவே ஒரு மேசை உண்டு, எங்க பாஷையில 'அன்மெட் நீட்ஸ்' மேசை, அதாவது இன்னும் தீராத தேவைகளுக்கான மேசை. என்னை மாதிரி ஆள் ஒரு குடும்பத்தோட கேஸை பேர் சொல்லாம எடுத்து வைப்பேன், 71 வயசு, விதவை, கூரை இல்ல, இன்சூரன்ஸ் இல்ல, இவ்வளவு டாலர் குறையுதுன்னு. ஒரு அமைப்பு மரம் நாங்க வாங்கறோம்னும், இன்னொண்ணு ஆள் நாங்க தர்றோம்னும், மூணாவது ஃபிரிட்ஜும் கட்டிலும் எங்க கணக்குன்னும் சொல்லும். அரை மணி நேரத்துல ஒரு வீடு முடிவாகும். சத்தமா யாரும் ஜெபம் பண்றதில்ல அங்க, ஆனா எனக்கு ஒரு சில நாள் அது கோயில் மாதிரி இருந்திருக்கு.

அந்த மேசைக்கு யாரோட ஃபைல் வருதுன்னு பார்த்தீங்கன்னா புரியும். வீட்டுக் கடனைக் கட்டி முடிச்சதும் வங்கி கட்டாயப்படுத்தாதுன்னு இன்சூரன்ஸை நிறுத்திட்ட வயசானவங்க, வாடகைக்கு இருந்தவங்க, பேப்பர் இல்லாத குடியேறிகள், தாத்தா பேர்லயே இருக்கிற வீட்டுல நாலு தலைமுறையா இருக்கிறவங்க. இந்தக் கடைசி வகைக்கு 2021 வரைக்கும் பத்திரம் இல்லாம அரசு உதவி வாங்குறது பெரும்பாடு, இப்போ விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க. இவங்கள்ல பல பேர் தானா வந்து கை நீட்ட மாட்டாங்க, எங்களை விட மோசமானவங்க இருக்காங்க அவங்களுக்குக் கொடுங்கன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. உடுக்கை நழுவினவன் கை மாதிரி கேக்காமலே போகணும்னா அவங்களைத் தெரிஞ்ச ஆள் வேணும், அந்தத் தெரிஞ்ச ஆள் பாதி நேரம் அந்தத் தெரு சர்ச்சுல பின் வரிசையில உக்கார்ற ஒரு அம்மாவாத்தான் இருப்பாங்க.

நீங்க ரெண்டு நாள் போனது வீண் இல்ல, ஆனா அது எந்தக் கட்டத்துல நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. பேரழிவு மனநலத்துல ஒரு பழைய வரைபடம் இருக்கு: முதல்ல வீரம், எல்லாரும் ஓடி ஓடி உதவுவாங்க, அப்புறம் தேன்நிலவு, ஊர் பூரா ஒத்துமை, பேனர், டிவி, அப்புறம் பெரிய ஏமாற்றம், அதுக்கப்புறம் மெதுவா மீட்சி. எல்லா ஊரும் இதே வரிசையில வராது, நான் பார்த்ததுல ஒரே தெருவுல நாலு வீடு நாலு கட்டத்துல இருக்கும். ஆனா ஏமாற்றக் கட்டம் வராத ஊரை நான் பார்த்ததில்ல. நாலாவது மாசத்துல ஆரம்பிக்கும், காண்ட்ராக்டர் முன்பணம் வாங்கிட்டு காணாம போவான், இன்சூரன்ஸ்காரர் மாறி மாறி வருவார், கோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரங்க எல்லாம் முடிஞ்சுடுச்சுல்லன்னு கேப்பாங்க, வானம் கறுத்தா குழந்தைங்க ஷூவைப் போட்டுக்கிட்டு தயாரா உக்காந்திருக்கும். முதல் வருஷ நினைவு நாள் வர்ற வாரம் மறுபடி எல்லாம் கிளம்பும். அந்த நேரத்துல வாலண்டியர் யாரும் இருக்க மாட்டாங்க. உங்க 12 பேருக்கு என் யோசனை, அடுத்த வாரம் மறுபடி ஓடாதீங்க, எட்டாவது மாசத்துக்கு ஒரு தேதி குறிச்சு வையுங்க.

மீட்சிங்கிற வார்த்தையையே நான் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் பயன்படுத்துவேன். கான்சாஸ்ல கிரீன்ஸ்பர்க்னு ஒரு சின்ன ஊர், 2007 மே 4 ராத்திரி ஊர்ல 95 சதவீதம் போச்சு. பசுமை ஊரா திரும்பக் கட்டினாங்க, உலகமே பாராட்டுச்சு, நியாயமான பாராட்டுதான். ஆனா சென்சஸ்ல 2000ல 1,574 பேர் இருந்த ஊர் 2010ல 777. ஆள் குறையறது டொர்னேடோவுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்துச்சு, எல்லாத்தையும் காத்து மேல போட முடியாது. ஆனாலும் திரும்பி வராதவங்களும் பாதிக்கப்பட்டவங்கதான், அவங்களுக்காக யாரும் நினைவு நாள் கூட்டத்துல ஜெபம் பண்றதைக் கேட்டதில்ல நான்.

என்ன கொண்டு போகலாம்னு கேட்டிருந்தீங்க. பழைய துணி வேண்டவே வேண்டாம், தயவுசெய்து. எங்க ஆளுங்க அதை ரெண்டாவது பேரழிவுன்னுதான் சொல்வாங்க, அதைப் பிரிச்சு அடுக்கவே நூறு பேர் வேணும், மழையில நனைஞ்சா குப்பை லாரிக்கும் நாமதான் காசு கொடுக்கணும். பணம் நல்லது, அதுவும் அந்த ஊர் நீண்டகால மீட்புக் குழுவுக்கு. போட்டோ விஷயம் மட்டும் ஒண்ணு சொல்றேன், நிறைய பேர் யோசிக்காதது. 2011 ஏப்ரல் 27 டொர்னேடோக்கள்ல பறந்த பொருள்களை ஆராய்ஞ்சப்போ ஒரு போட்டோ 350 கிலோமீட்டருக்கு மேல போய் விழுந்திருந்துச்சு. ஜாப்ளினுக்கு அப்புறம் பக்கத்து ஊர் கார்த்தேஜ்ல ஒரு பாப்டிஸ்ட் சர்ச், வயல்ல வேலியில கிடந்த ஆயிரக்கணக்கான குடும்பப் போட்டோக்களைச் சேர்த்து, கழுவி, காய வச்சு, ஸ்கேன் பண்ணி சொந்தக்காரங்ககிட்ட கொடுத்தாங்க. உங்க குரூப்ல முதுகு வலிக்காரங்க, செயின்சா பிடிக்க முடியாதவங்க இருப்பாங்க இல்லையா, அவங்களுக்கு இந்த மாதிரி வேலையைக் கொடுங்க. இறந்தவங்களோட கடைசிப் போட்டோவா இருக்கலாம் அது.

பேசுறதுக்கு வருவோம். கூப்பிட்டு உக்கார வச்சு என்ன நடந்துச்சு முழுசா சொல்லுங்கன்னு கிளறாதீங்க. ஒரு காலத்துல அப்படித்தான் செய்வாங்க, ஒரே உட்காரல்ல எல்லாத்தையும் கொட்ட வைக்கிற முறை, அது பலன் தரல, சில பேருக்குக் கெடுதலும் ஆகுதுன்னு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததுல தெரிஞ்சுபோய், உலக சுகாதார அமைப்பே வேண்டாம்னு சொல்லுது. அவங்களா பேசினா கேளுங்க, பேசலைன்னா கூட நின்னு செங்கல் பொறுக்குங்க. ஜெபம் பண்ணலாமான்னா, கேட்டுட்டு பண்ணுங்க, வேண்டாம்னா வேண்டாம், முகத்தைச் சுருக்காதீங்க. சாப்பாடோ தார்பாலினோ கொடுக்கிற கையில துண்டுப் பிரசுரம் இருக்கக் கூடாது. இது என் சொந்த அபிப்பிராயம் இல்ல, அமெரிக்காவுல இந்த மத அமைப்புகளும் சேர்ந்து உக்கார்ற தேசியக் கூட்டமைப்பு 2009லயே எழுத்துல ஒத்துக்கிட்டது, நொந்து கிடக்கிறவங்களை மதம் மாத்துற சந்தர்ப்பமா பயன்படுத்தக் கூடாதுன்னு. சில குழுக்கள் மீறுறாங்க, நான் பார்த்திருக்கேன், மேசையில அவங்களோட பேசுறது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாவே இருக்கும்.

இப்படிச் சேர்ந்து வேலை செய்யுறதால மதங்களுக்கு நடுவுல நிரந்தரமா ஏதாவது மாறுமான்னா, மாறும்னு நம்ப ஆசை, நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஜாப்ளின்லயே 2012 ஆகஸ்ட்ல மசூதியை ஒருத்தன் எரிச்சு சாம்பலாக்கினான். டொர்னேடோ சமயத்துல அந்த மசூதிக்காரங்களும் ஊருக்கு உழைச்சவங்கதான். அதுவும் ரமலான் மாசம். அப்போ ஊர் சர்ச்சுகள் அவங்களுக்கு நோன்பு திறக்க இடம் கொடுத்து கூட உக்காந்து சாப்பிட்டாங்க. எரிச்சவனும் அதே ஊர்தான், இலை போட்டவங்களும் அதே ஊர்தான், இதுல எதை வச்சு முடிவு சொல்றது?

இனி உங்க பெரியவர். போங்க. மன்னிப்புன்னு பெரிய பேச்சு வேண்டாம், "அன்னிக்கு நான் யோசிக்காம சொல்லிட்டேன்"னு ஒரு வரி போதும், அதுக்கப்புறம் அந்தப் பக்கத்து வீட்டம்மா எப்படிப்பட்டவங்கன்னு கேளுங்க, அவங்க பேர் என்னன்னு கேளுங்க. அனேகமா இதுவரைக்கும் அவர்கிட்ட யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டாங்க, எல்லாரும் அவர் கூரையைப் பத்தித்தான் கேட்டிருப்பாங்க. அவர் பேசாம கதவைச் சாத்தினா அதுவும் அவர் உரிமை, பக்கத்துல வேற வீட்டுல வேலை பாருங்க. அவர் சரியா தூங்குறதில்ல, சாப்பிடுறதில்ல, உயிரோட இருந்து என்ன பண்றதுங்கிற மாதிரி பேச்சு வந்தா, அங்க உங்க வேலையும் முடியுது என் வேலையும் முடியுது, அன்னிக்கே மனநல உதவிக்குக் கூட்டிட்டுப் போகணும், தனியா விட்டுட்டு வரக் கூடாது.

இன்னொண்ணு, மறக்கிறதுக்கு முன்னாடி. போன தடவை அந்த ரெண்டு நாளும் வாலண்டியர் மையத்துல பேர் எழுதி நேரம் குறிச்சீங்களா? எழுதலைன்னா இப்போவாவது போன் பண்ணி சொல்லுங்க. ஊர் தன் பங்கா கட்ட வேண்டிய செலவுல வாலண்டியர் உழைச்ச மணி நேரத்தை அரசு பணமா கழிச்சுக்கும், ஜாப்ளின்ல அப்படியே பல மில்லியன் டாலர் மிச்சமாச்சு. 12 பேர், ரெண்டு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம்னா 192 மணி நேரம், ஏத்துக்குவாங்களான்னு அவங்கதான் சொல்லணும், ஆனா கேட்டுப் பாருங்க.